சண்டையே போடாத அண்ணன் தம்பி

ஜும்பா லாஹிரியின் 'தி லோலேண்ட்' நாவலை இரண்டு முறை வாசித்திருக்கிறேன். முதல் முறை, அது வெளிவந்த 2013 கடைசியில். இரண்டாவது முறை, போன மழைக்காலத்தில், அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தபோது. முதல் வாசிப்பில் மனம் ஒட்டவே இல்லை. ஏன் என்று புரியாமல் என் மேலேயே சந்தேகப்பட்டேன். நான் மிகவும் மதிக்கிற எழுத்தாளர், எனக்கு மிகவும் வேண்டிய விஷயத்தை எடுத்து எழுதியிருக்கிறார், அப்புறம் ஏன் இப்படி? இரண்டாவது வாசிப்பில் காரணம் பிடிபட்டது.

அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு 1999-இல் வந்தது. அடுத்த ஆண்டே அதற்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதன் முதல் கதையில் ஒரு கணவனும் மனைவியும் தினமும் மின்வெட்டு நேரத்தில் இருட்டில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ரகசியம் சொல்லிக்கொள்வார்கள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற தூரத்தை அவரைப் போல எழுதுகிறவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர் அண்ணன் தம்பியைப் பற்றி, அதுவும் நக்சல்பாரிக் காலத்துக் கல்கத்தாவில், ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்று கேட்டபோது எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது. நானும் ஒரு அண்ணனுக்குத் தம்பி. அவர் ஊரில் இருக்கிறார், நான் வெளியே வந்துவிட்டேன்.

நாவலின் ஆரம்பம் உண்மையிலேயே அருமை. தெற்குக் கல்கத்தாவின் டாலிகஞ்ச். (வேலூர்க்காரர்களுக்கு இந்த இடத்தோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு, கோட்டையில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கம்பெனிக்காரர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் குடிவைத்தது இங்கேதான்.) சகோதரர்களின் வீட்டருகே இரண்டு குளங்கள், அவற்றை ஒட்டி ஒரு தாழ்வான நிலம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி, இரண்டு குளமும் ஒன்றாகிவிடும். வெயில் வந்தால் மறுபடி பிரியும். ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். சுபாஷ் மூத்தவன், உதயன் இளையவன், இருவருக்கும் பதினைந்து மாதம்தான் வித்தியாசம். குளங்களை வைத்தே மொத்தக் கதையையும் சொல்லிவிட்டார் என்று அந்த முதல் பக்கங்களில் வியந்தேன்.

அப்புறம் டாலி கிளப் காட்சி. 1895-இல் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்த கிளப் அது. பையன்கள் இருவரும் மதில் ஏறிக் குதித்து உள்ளே போகிறார்கள். கால்ஃப் மைதானத்தின் புல்லைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். திரும்பும்போது போலீஸ்காரன் ஒருவன் பிடித்துக்கொள்கிறான், கால்ஃப் மட்டையாலேயே சுபாஷை அடிக்கிறான். உதயன் ஓடிவந்து அண்ணன் மேல் விழுந்து மறைத்துக்கொள்கிறான். உதயன் பிற்பாடு எந்தப் பக்கம் போவான் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஷார்ட்வேவ் ரேடியோவைச் செய்து காதை வைத்துக் கேட்கும் இடமும் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் அண்ணன் ஒரு பழைய மர்ஃபி ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஸ்க்ரூவை எல்லாம் என் உள்ளங்கையில் கொட்டி, "ஒண்ணு கொறஞ்சாலும் கொன்னுடுவேன்" என்று மிரட்டியது நினைவுக்கு வந்தது.

சரி, இதற்குப் பிறகு என்ன ஆகிறது?

இருவரும் கல்லூரிக்குப் போகிறார்கள். உதயன் பிரசிடென்சியில் இயற்பியல், சுபாஷ் ஜாதவ்பூரில் ரசாயனப் பொறியியல். 1967 மே மாதம் வடவங்காளத்தில் நக்சல்பாரி என்ற கிராமத்தில் குத்தகை விவசாயிகள் எழுகிறார்கள், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்பு பட்டுச் சாகிறார், மறுநாள் போலீஸ் சுட்டதில் பெண்களும் குழந்தைகளுமாக 11 பேர் சாகிறார்கள். அந்த இயக்கத்தின் தலைவர் சாரு மஜும்தாரின் கட்டுரைகள் கல்லூரி விடுதிகளுக்கு வருகின்றன. 1969 மே தினத்தன்று கல்கத்தா மைதானத்துக் கூட்டத்தில் இன்னொரு தலைவர் கனு சன்யால், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்) என்ற புதிய கட்சியை அறிவிக்கிறார். உதயன் அதற்குள் போகிறான். சுபாஷ் கடல் வேதியியல் படிக்க அமெரிக்காவின் ரோட் ஐலண்டுக்குப் போகிறான். 1971-இல் ஒரு தந்தி: உதயன் கொல்லப்பட்டான், முடிந்தால் வா. வீட்டின் பின்னால் அந்தத் தாழ்நிலத்துத் தண்ணீரில், ஆகாயத்தாமரைக்குக் கீழே மூச்சடக்கி ஒளிந்திருந்தவனை, அப்பா அம்மாவையும் மனைவி கௌரியையும் துப்பாக்கி முனையில் நிறுத்தி வெளியே வரவழைத்து, வீட்டார் பார்க்கும் தூரத்திலேயே சுட்டுவிடுகிறார்கள். உடலையும் போலீஸே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இவ்வளவும் நாவலின் முன்பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. மீதிப் பெரும்பங்கு, செத்தவனின் நிழலில் வாழ்கிறவர்களின் கதை. கர்ப்பமாக இருக்கும் கௌரியை சுபாஷ் கல்யாணம் செய்து அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறான். பேலா பிறக்கிறாள். கௌரி தத்துவம் படிக்கிறாள். பேலாவுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போய்விடுகிறாள். இப்படியே இன்னும் ஏறக்குறைய முப்பது வருஷம் ஓடுகிறது.

எனக்கு உறுத்தியது உதயன் சீக்கிரம் சாவது இல்லை. அந்தக் காலத்தில் கல்கத்தாவின் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் நடந்தது. சாவதற்கு முன் அவனும் அண்ணனும் ஒரு முறைகூட உட்கார்ந்து சண்டை போடவில்லை என்பதுதான் உறுத்தல். ஓர் இரவு தம்பியோடு சுவரெழுத்து எழுத சுபாஷும் கூடப் போகிறான். அமெரிக்கா போவதாகச் சொன்னதும், இங்கே இவ்வளவு நடக்கும்போது அங்கே எப்படிப் போவாய் என்று உதயன் கேட்கிறான். கடைசியில், நீ இல்லாமல் நான் இல்லை, போகாதே என்கிறான். எனக்கு மூச்சு நின்றது. இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தேன். பக்கத்தைத் திருப்பினால் சுபாஷ் போய்விடுகிறான். இரண்டு வாழ்க்கையும் பிரிகிற இடமே இதுதான். அங்கே நாவல் நிற்கவே இல்லை.

இதை வாசிக்கும்போது எனக்குக் கம்பன்தான் ஞாபகத்துக்கு வந்தான். யுத்த காண்டத்தில் கும்பகர்ணனை அழைத்துவர விபீஷணன் போகிற இடம். ராமன் பக்கம் வந்துவிடு என்று தம்பி மன்றாடுகிறான். தர்மம் எது என்று அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் நீர்க்கோலம் போன்ற இந்த வாழ்வுக்கு ஆசைப்பட்டு, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் அங்கே வர மாட்டேன் என்கிறான். அதோடு விடவில்லை. நீயாவது அங்கே பிழைத்திரு, நாங்கள் எல்லோரும் செத்த பிறகு எள்ளும் தண்ணீரும் விட இந்தக் குலத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்கிறான். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஒருவர் நியாயம் மற்றவருக்குப் புரிந்தும் இருக்கிறது. கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் பிரிகிறார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழையா இந்தப் பாட்டுகளைச் சொல்லும்போது குரல் உடைந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சில பாட்டுகளில் நடக்கிற இந்தப் பேச்சு அவ்வளவு பெரிய நாவலில் சுபாஷுக்கும் உதயனுக்கும் நடுவே நடக்கவே இல்லை. இத்தனைக்கும் எள்ளும் தண்ணீரும் விடுகிற இடத்தில்தான் சுபாஷ் வாழ்நாள் முழுக்க நிற்கிறான்!

வரலாறு அவருக்கு அந்தச் சண்டையைத் தட்டில் வைத்தே நீட்டியது. 1970 டிசம்பர் 30-ஆம் தேதி, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் கோபால் சென் வளாகத்துக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். மறுநாள் அவர் ஓய்வு பெற இருந்தார். சுபாஷ் படித்த இடம் அது. ரோட் ஐலண்டின் குளிரில் அந்தச் செய்தி கிடைத்த இரவு, அவன் தம்பிக்கு என்ன எழுதியிருப்பான்? உங்கள் புரட்சிக்கு அந்தக் கிழவர் என்ன செய்தார் என்று கேட்டிருக்க மாட்டானா? அதற்கு உதயன் என்ன பதில் எழுதியிருப்பான்? பராநகரில் போலீஸும் குண்டர்களும் எங்கள் பையன்களைக் கொன்று குவித்தபோது நீ எங்கே இருந்தாய் என்று 1971 ஆகஸ்டில் அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். அந்தக் கடிதங்கள் நாவலில் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில், கட்சி எப்போது ஆரம்பித்தது, யார் என்ன சொன்னார்கள் என்று பாடப்புத்தகம் மாதிரியான பத்திகள் இருக்கின்றன. வங்காளத்தைத் தெரியாத வாசகனுக்கு வேண்டும் என்று வைத்திருக்கலாம். தகவலை அண்ணன் தம்பி வாய் வழியாகவே தந்திருந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்கிறேன். இந்த நாவலிடம் நான் என்ன எதிர்பார்த்தேன் என்பது அப்போதுதான் விளங்கும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த வருஷம். நான் புனேயில் வேலையில் இருந்தேன். பத்து நாள் லீவில் வந்தவன், நிலத்தை விற்றுவிட்டு அப்பா அம்மாவை என்னோடு அழைத்துப் போகிறேன் என்றேன். சம்பா நடவு முடிந்த நேரம். அண்ணன் கொல்லைப்புறத்தில் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலேயே, "வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து பாக்குறவனுக்கு எல்லாம் சுலபமாத்தான் தெரியும்" என்றார். ஆரம்பித்துவிட்டது. ஏறக்குறைய அரை மணி நேரம் இருக்கும். அம்மா நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் நான் ஒன்று சொன்னேன். வருஷக்கணக்காக மனதில் வைத்திருந்தது. "எனக்காகத்தானே அண்ணே நீ ஐடிஐயோட நிறுத்திக்கிட்ட, அந்தக் கடன எப்ப நான் அடைக்கிறது?"

அண்ணன் சொம்பைக் கீழே வைத்தார். "யார்றா சொன்னா ஒனக்காகன்னு? எனக்கு இங்க இருக்கத்தான் பிடிச்சுது. இந்த மண்ணு பிடிச்சுது. அத நீ ஒரு நாளும் கேட்டதே இல்ல. ஒன் மனசுல என்னையத் தியாகி ஆக்கி வச்சிருக்க."

இருபது வருஷமாக நான் அவரைப் பற்றி ஒரு கதையைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறேன். அது தப்பான கதை. அவரும் என்னைப் பற்றி ஒன்று வைத்திருந்தார். வீட்டுப் பாரத்தைப் பார்த்து நான் ஓடிவிட்டேன் என்று. அதுவும் முழுக்கச் சரி இல்லை. கொஞ்சம் சரிதான். அன்று இரண்டையும் கொல்லைப்புறத்தில் போட்டு உடைத்தோம். நிலத்தை விற்கவில்லை. ராத்திரி அண்ணன்தான் எனக்குச் சோறு போட்டார், மீன் குழம்பில் தலைத்துண்டை எனக்கு வைத்தார்.

சுபாஷும் உதயனைப் பற்றி ஒரு கதையைச் சுமக்கிறான். அதை உடைக்க அவனுக்கு யாரும் இல்லை. அது பெரிய சோகம், அதை வைத்தே ஒரு மகத்தான நாவல் எழுதியிருக்கலாம். லாஹிரி என்ன செய்கிறார் என்றால், உதயன் செய்த காரியத்தை மர்மமாக மூடி வைத்துக் கடைசிப் பக்கங்களுக்குக் கொண்டுபோகிறார். ஒரு போலீஸ்காரனைக் கொன்ற குழுவில் உதயன் இருந்தான். அந்தப் போலீஸ்காரனின் நடமாட்டத்தைக் கவனித்துச் சொல்லும் வேலையை, இன்னதற்கு என்று சொல்லாமல், கௌரியிடம் கொடுத்தவனும் அவன்தான். நாவல் முழுக்கக் கௌரியை அரித்துக்கொண்டிருந்தது இதுதான் என்று நமக்குத் தெரியும்போது புத்தகம் முடியப் போகிறது. அந்த ஒரு திருப்பத்துக்காக, நடுவில் இருக்கிற இத்தனை பக்கங்களிலும் உதயன் மாலை போட்ட புகைப்படமாகவே இருந்துவிடுகிறான். கௌரி ஏன் பெற்ற மகளிடம் ஒட்ட முடியாமல் தவிக்கிறாள் என்பதும் நமக்குப் புகைமூட்டமாகவே இருக்கிறது. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாயை, அவளைத் தூற்றாமல் எழுத முனைந்தது பெரிய துணிச்சல். அந்தத் துணிச்சலை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தலைமுடியை வெட்டிக்கொண்டு, புடவைகளைக் கத்தரிக்கோலால் கிழித்துப் போட்டிருக்கும் அந்த அறையை மறக்க முடியாது. ஆனால் அவளுடைய குற்றவுணர்ச்சி இன்னது என்று தெரிந்து அவளோடு அந்த அமெரிக்க வீட்டில் முப்பது பக்கம் இருந்திருந்தால், நான் அவளுக்காக அழுதிருப்பேன்.

செத்தவனைப் பக்கத்துக்குப் பக்கம் உயிரோடு வைத்திருக்க முடியாதா? முடியும். வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி 1974-லேயே செய்து காட்டியிருக்கிறார். 'ஹஜார் சுராஷிர் மா' (1084-இன் அம்மா) என்ற நாவல். பிணவறையில் 1084 என்ற எண்ணாகக் கிடக்கும் மகன் பிரதியை அடையாளம் காட்டப் போன தாய் சுஜாதா, பிறகு ஒரே ஒரு நாளில் அவனைத் தேடிப் போகிறாள். அவனோடு செத்த பையனின் வீட்டுக்கு, அவனை நேசித்த பெண்ணிடம். கேட்கிறாள், கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் பிரதி அவளுக்கு இன்னும் கொஞ்சம் புரிகிறான், நமக்கும் புரிகிறான். ஒரு நாள்தான் கதை, சின்னப் புத்தகம். 'தி லோலேண்ட்' அரை நூற்றாண்டைக் கடக்கிறது, அதில் உதயனை அப்படித் தேடிப் போகிறவர் யாரும் இல்லை. சுபாஷ் தம்பியின் மனைவிக்குக் கணவனாகிறான், தம்பியின் மகளுக்கு அப்பாவாகிறான், தம்பியை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிடுகிறான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பிஜோலி, அந்த இருவரின் அம்மா, எனக்குள் தங்கிவிட்டாள். மகன் செத்த தாழ்நிலத்தில் கட்சிக்காரர்கள் ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். ஊர் அங்கே குப்பை கொட்டுகிறது. வயதான காலத்தில் அவள் தினமும் போய் அந்தக் குப்பையைக் கையால் பொறுக்குகிறாள். இந்த நாவலில் கேள்வி கேட்காமலே தேடுகிற ஒரே ஆள் அவள்தான். ரோட் ஐலண்டின் சதுப்புக் கரையும் நன்றாக வந்திருக்கிறது. லாஹிரி சின்ன வயதிலிருந்து வளர்ந்த மண் அது. நாரை ஒன்று அசையாமல் நிற்பதைச் சொல்லும்போதுகூட அந்தப் பழக்கம் தெரிகிறது. கடைசி அத்தியாயம், உதயனின் கடைசி நாள், ஏறக்குறைய குறையே இல்லாதது. தண்ணீருக்குள் அவனுக்கு மூச்சு முட்டுவதும், கடைசியில் சினிமாக் கொட்டகை வாசலில் தனக்காகக் காத்திருந்த கௌரியை நினைப்பதும். இதை வாசித்துவிட்டுத்தான் எனக்குக் கோபமே வந்தது. இவனை எங்கே வைத்திருந்தீர்கள் இவ்வளவு நேரம்?

இந்த நாவல் 2013-இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசு 2015-இல் கிடைத்தது. அதனால் என் ஏமாற்றம் பலருக்கு ஒப்பாது என்று தெரியும். லாஹிரி இந்தக் கதையின் மூலத்தைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டாலிகஞ்சில் தாத்தா வீட்டுக்கு அருகே, குடும்பத்தின் கண் முன்னால் சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞர்களைப் பற்றிச் சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறார். அவர்கள் சகோதரர்கள். பல வருஷம் மனதில் வைத்திருந்து எழுதியிருக்கிறார். நிஜத்தில் சேர்ந்து செத்த இருவரில் ஒருவனை எழுத்தாளர் பிழைக்க வைத்து, கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார். இதை அறிந்த பிறகு சுபாஷின் மேல் எனக்கு ஒரு தனிப் பரிவு வந்துவிட்டது. அவன் ஏன் எப்போதும் தன் வாழ்க்கையில் விருந்தாளி மாதிரி இருக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அதையும் நான் புத்தகத்துக்கு வெளியில் இருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திதி முடிந்த மறுநாள், அண்ணனோடு வயலுக்குப் போனேன். இங்கிலீஷ் புத்தகம் அவர் வாசிக்க மாட்டார். வரப்பில் நடந்துகொண்டே முழுக் கதையையும் சொன்னேன். கௌரி போனதைச் சொன்னபோது "அந்தப் பொண்ணு பாவம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வடிகால் மதகு வரை வந்ததும் நின்று, "அந்த ரெண்டு கொளம் என்னாச்சு?" என்று கேட்டார்.

தூர்த்துவிட்டார்கள் என்றேன். அந்தத் தாழ்நிலத்தில் வீடு கட்டிவிட்டார்கள், சுபாஷ் திரும்பி வரும்போது அடையாளமே இல்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் மதகில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மழ வந்தா தண்ணி எங்கடா போவும்?" என்றார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது, வீட்டைப் பார்த்து நடந்தோம்.